நிறுத்தி வைத்த வண்டியும் நான் நிராகரித்த விண்ணப்பமும்

புதிதாகக் காப்புரிமைப் பரிசோதகர் வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தர வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். கூடவே ஒரு வேண்டுகோள்: "கொஞ்சம் ஊக்கம் தர்ற மாதிரி இருக்கட்டும் சார்." ஊக்கம் பணியில் இருந்தபோதே என்னிடம் இருப்பில் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு எங்கிருந்து வரும்? வெள்ளானூரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். லிஃப்ட் உண்டு என்று சொல்லி விற்றார்கள். லிஃப்ட் உண்டு, ஓடுவதுதான் இல்லை. இப்போதுதான் பால் வாங்கிக்கொண்டு ஏறி வந்தேன். எழுத்தில் களைப்பு தெரிந்தால் பாதியைப் படிக்கட்டின் மேல் போடுங்கள், மீதியை முப்பது வருடக் காப்புரிமை விண்ணப்பங்களின் மேல் போடுங்கள்.

நான் சாதித்தவற்றை எழுதினால் இந்த வரியோடு முடிந்துவிடும். ஆகவே ஒரு தவறைப் பற்றி எழுதுகிறேன். தவறு என்றால் என்னிடம் சரக்குக்குப் பஞ்சமில்லை.

என் கடைசி இரண்டு வருடங்கள் மின் வண்டிகளின் சின்ன பேட்டரியோடு கழிந்தன. தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மின் வண்டியில் இரண்டு பேட்டரிகள் உண்டு. பெரியது சக்கரத்தைச் சுற்றும். சின்னது பன்னிரண்டு வோல்ட். விளக்கு, ஹாரன், கதவுப் பூட்டு, வண்டியின் மூளை எல்லாம் அதன் பொறுப்பு. பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் சுவிட்சைப் போடுவதும் இந்தச் சின்னதுதான். வண்டி பல நாள் சும்மா நின்றால் சின்னது மெல்ல வடிந்து செத்துப்போகும். அப்புறம் பெரியது நிரம்பி வழிந்தாலும் வண்டி கல்தான். நம் அலுவலகத்திலும் இதே ஏற்பாடு உண்டு: அதிகாரி வந்திருப்பார், அறைச் சாவி வைத்திருக்கும் பியூன் லீவு.

இதற்கு மருந்தாக, நிற்கும் வண்டி அவ்வப்போது தானே விழித்து, சின்ன பேட்டரியின் வோல்டேஜை அளந்து, குறைந்திருந்தால் பெரியதிலிருந்து ஊட்டும் ஏற்பாடுகள் வந்தன. உலகத்துக் கம்பெனிகள் எல்லாம் இதையே ஆளுக்கொரு விதமாக எழுதி அனுப்பிக்கொண்டிருந்தன. நான் வாசித்து வாசித்து, வீட்டில் யாராவது "தூக்கமா வருது" என்றால் கூட "எத்தனை வோல்ட்?" என்று கேட்கும் நிலைக்கு வந்திருந்தேன்.

அந்தக் குவியலில்தான் அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஒரு விண்ணப்பம். வக்கீலும் இல்லை, காப்புரிமை ஏஜெண்டும் இல்லை. தானே எழுதித் தானே கையெழுத்திட்ட விண்ணப்பம். மின்சாரத்தில் டிப்ளமோ படித்து, சரக்கு ஏற்றும் மின் ஆட்டோக்களைப் பழுது பார்க்கும் பட்டறை நடத்தும் ஒரு பெண். பெயர் மல்லிகா என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல.

அவர் சொன்னது இது. பழைய பேட்டரி சும்மா இருக்கும்போது நல்ல வோல்டேஜ் காட்டி ஏமாற்றும். ஆகவே வண்டி விழிக்கும்போது ஹெட்லைட்டை ஒரே ஒரு நொடி எரியவிட்டு, வோல்டேஜ் எவ்வளவு சரிகிறது என்று பார்க்க வேண்டும். ரொம்பச் சரிந்தால் சார்ஜ் ஏற்றி, அடுத்த முறை சீக்கிரமே விழிக்க வேண்டும். கொஞ்சமாகச் சரிந்தால் நீண்ட நேரம் தூங்கலாம்.

எனக்கு ஒரு மணி நேரம் ஆகவில்லை. அவருடைய வார்த்தைகளையே தேடு பெட்டியில் போட்டு இரண்டு பழைய ஆவணங்களைப் பிடித்துவிட்டேன். ஒன்றில், நிற்கும் வண்டி விழித்து வோல்டேஜ் அளந்து சார்ஜ் ஏற்றுகிறது. மற்றொன்றில், பட்டறையில் வைத்துப் பேட்டரிக்கு ஒரு சுமை கொடுத்துச் சரிவைப் பார்க்கும் கருவி. இரண்டையும் சேர்த்தால் மல்லிகாவின் யோசனை. "துறை தெரிந்த எவருக்கும் தானாகவே தோன்றக்கூடியது" என்று எழுதி ஆட்சேபணையை அனுப்பினேன். விடையைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போடுகிறவனுக்கு எந்தக் கணக்கும் சுலபம் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. நம் தொழிலில் எல்லோரும் விழுகிற குழி இது. விழுந்தவனுக்கு மட்டும் அது சிம்மாசனம் மாதிரித் தெரியும்.

பதில் பத்துப் பக்கம் வந்தது. முதல் பக்கத்தில், தன் கருவியை ஒரு பெரிய கம்பெனிக்குக் கொண்டு போய்க் காட்டியதாக எழுதியிருந்தார். அவர்கள், "பேடண்ட் கிடைத்தால் வாருங்கள், பேசலாம், கிடைக்காவிட்டால் எங்கள் பையன்களே செய்துகொள்வார்கள்" என்று சொல்லிவிட்டார்களாம். உண்மைதான். விண்ணப்பம் ஏற்கெனவே வெளியாகியிருந்தது, யாரும் படிக்கலாம். நான் நிராகரித்தால் மறு நிமிடம் அது ஊர்ச் சொத்து. அந்தப் பெண்ணின் கையில் இருந்தது அந்த ஒரு யோசனைதான்.

இரண்டாம் பக்கத்தில் பட்டறைக்கு வந்த வண்டிகளின் கதை. மூன்றாம் பக்கத்தில் இன்னும் வண்டிகள். நான்காம் பக்கத்தில் நான் கொட்டாவி விட்டேன். மாதக் கடைசி. முடிக்க வேண்டிய கோப்புகள் மேஜையில் ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. "புதிய வாதம் ஏதும் இல்லை" என்று குறிப்பு எழுதி, விசாரணைக்குத் தேதி கொடுத்தேன்.

விசாரணை வீடியோவில். என் கணினியின் கேமரா எப்போதும் மேலே பார்த்திருக்கும். எதிர்த்தரப்புக்குத் தெரிவது மின்விசிறியும் என் நெற்றியின் ஒரு பகுதியும்தான். நெற்றி எங்கே முடிகிறது என்று சொல்வதும் இப்போது கஷ்டம். பதிவேடு ஆங்கிலத்தில் என்பதால் என் வாயும் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். இத்தனைக்கும் நான் ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, பிளஸ் டூ வரை தமிழில் படித்தவன்.

நான் ஆட்சேபணையை ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் மல்லிகா "யெஸ் சார்" என்றார். "எனிதிங் எல்ஸ்?" என்றேன். கொஞ்ச நேரம் திரையில் அவர் உதடு அசைந்தது. அப்புறம், "ஓகே சார்." பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. எவ்வளவு ஒத்துழைப்பான விண்ணப்பதாரர் என்று மகிழ்ந்துபோனேன். "மேற்கொண்டு சமர்ப்பிக்க எதுவும் இல்லை என்றார்" என்று எழுதி, நிராகரித்து ஆணையில் கையெழுத்திட்டேன். அந்த மாதக் கணக்கில் நான் நல்ல பிள்ளை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவியோடு கரையான்சாவடிக்குக் காய்கறி வாங்கப் போனேன். என் வண்டியும் மின்சாரக் கார்தான். இந்த விஷயத்தில் நிபுணன் அல்லவா, தைரியமாக வாங்கியிருந்தேன். பையோடு திரும்பி வந்து சாவியை அமுக்கினால் கதவு திறக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். வண்டி என்னை யாரென்றே தெரியாதது போல நின்றது. கைபேசியைப் பார்த்தால், வீட்டை விட்டுக் கிளம்பியபோது பார்த்த எண்பத்திரண்டு சதவீதம் அப்படியே நிற்கிறது.

எதிர்க்கடை மெக்கானிக் சாவகாசமாக வந்தார். "இன்னா சார், தொறக்கலியா?"

"சார்ஜ் எண்பத்திரண்டு பர்சென்ட் இருக்குப்பா."

"அது பெரிசு சார். சின்னது பூட்ச்சி."

என் மனைவி அங்கேயே, வெண்டைக்காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "தம்பி, இந்தச் சின்ன பேட்டரியைப் பத்தித்தான் இவர் ஆபீஸ்ல தீர்ப்பு சொல்றாரு."

"அப்டியா? அப்ப சாரே சொல்ட்டும், இன்னா பண்லாம்?"

பக்கத்துப் பூக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டேன். கைக்கு ஒரு வேலை வேண்டுமே.

அவசரச் சாவியால் கதவைத் திறந்து, முன் மூடியைத் தூக்கி, மெக்கானிக் மீட்டரை வைத்தார். பன்னிரண்டு புள்ளி நாலு. "நல்லாதான இருக்கு?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, இரண்டு ஒயர் கட்டிய பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்துப் பேட்டரியில் வைத்தார். பல்பு மங்கலாக முனகியது. மீட்டர் எட்டுக்கு இறங்கியது. "சும்மா கீறப்ப எல்லாருமே நல்லவன்தான் சார். வேலை குட்தாதான் தெரியும்."

என் முதல் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். சந்தோஷம்தான் வந்தது. பாருங்கள், கரையான்சாவடி மெக்கானிக்குக்கே தெரிந்த விஷயம்! "துறை தெரிந்த எவருக்கும் தோன்றும்" என்று நான் எழுதியது எவ்வளவு சரி! சட்டத்தில் அந்தத் 'துறை தெரிந்த ஆள்' ஒரு கற்பனை மனிதர். முப்பது வருடம் அவர் பெயரைச் சொல்லிப் பிழைத்திருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை. அன்றுதான், கிரீஸ் கறையோடு, நேரில் வந்து எனக்குச் சாட்சி சொல்லியிருக்கிறார். அதோடு வாயை மூடியிருக்கலாம். வெற்றிக் களிப்பில் இன்னொரு கேள்வி கேட்டேன்.

"அப்போ இந்த மாதிரி பல்பை எரியவிட்டுப் பாக்கற வேலையை, நிக்கற வண்டி தானே செஞ்சுக்கலாமே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. "வண்டியா? சார், நிக்கிற வண்டி எதுக்கு சார் தானா கரண்ட்டை செலவு பண்ணிக்கும்? அது கூடாதுன்னுதான கம்பெனில எல்லாத்தியும் ஆஃப் பண்ணி வெச்சிக்கிறான்? எவனாச்சும் லைட்டு போடுவானா? நல்லா கேட்டீங்க போங்க."

அவர் போய் ஒயரை எடுத்து வந்து வண்டியை உயிர்ப்பித்தார். வீடு திரும்பும்போது எங்கள் தெருவைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். மனைவி வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள். வெட்கமும் இருந்தது. ஆனால் என் சாட்சி என்னையே குறுக்கு விசாரணை செய்துவிட்டுப் போய்விட்டார் என்பதுதான் உறுத்தியது. துறை தெரிந்த ஆளுக்கு அந்த யோசனை தோன்றவில்லை. சொன்னபோதும் சிரித்தார்.

திங்கட்கிழமை முதல் வேலையாக, நான் மேற்கோள் காட்டிய முதல் ஆவணத்தைத் திறந்தேன். நான் காட்டியது முப்பத்தொன்றாவது பத்தி. நம் மென்பொருள் தேடிய சொற்களுக்கெல்லாம் மஞ்சள் பூசிக் காட்டும் அல்லவா? நான் மஞ்சளிலிருந்து மஞ்சளுக்குத் தாவிப் படிக்கிறவன். முப்பத்திரண்டாவது பத்தியில் மஞ்சளே இல்லை. ஆகவே அதில் நான் நின்றதில்லை. அன்று நின்றேன். "அளக்கும்போது எந்தச் சுமையையும் இணைக்கக் கூடாது, நிற்கும் வண்டியில் சுமை கொடுப்பது பேட்டரியை வடித்துவிடும்" என்று இருந்தது. நான் மல்லிகாவுக்கு எதிராகக் காட்டிய ஆவணமே, அவர் செய்ததைச் செய்யாதே என்றுதான் சொல்லியிருக்கிறது. எல்லோரும் வலப்பக்கம் போகச் சொன்ன இடத்தில் அந்தப் பெண் இடப்பக்கம் போயிருக்கிறார். நான் அதைத் தெரிந்த வழி என்று எழுதிவிட்டேன்.

உடனே மனசு ஒரு பொந்தைத் தேடியது. அவரும் இதைச் சொல்லவில்லையே! சொல்லாததை நான் எப்படிக் கவனிக்க முடியும்? அந்த ஆறுதலை உறுதி செய்துகொள்ளத்தான் அவருடைய பதிலை எடுத்தேன். ஐந்தாம் பக்கம், ஆறாம் பக்கம், வண்டிகள், வண்டிகள். ஒன்பதாம் பக்கத்தின் நடுவில், தடுமாறும் ஆங்கிலத்தில்: ஐயா காட்டிய ஆவணத்தில் முப்பத்தொன்றாம் பத்திக்கு அடுத்த பத்தியையும் தயவுசெய்து படிக்கவும், அதில் நான் செய்வதைச் செய்யக் கூடாது என்று எழுதியிருக்கிறது.

பதிலை மூடிவிட்டேன்.

ஆணை போட்ட பிறகு நாமாக அதைத் திறக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். விண்ணப்பதாரர் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்டால்தான் உண்டு. அப்படி ஒன்று இருப்பதே ஏஜெண்ட் இல்லாத ஆளுக்குத் தெரிந்திருக்காது. மேலதிகாரியிடம் போனேன். என்னை விட நாலு வயது மூத்தவர் போலத் தெரியும் சின்ன வயதுக்காரர். அந்த நாற்காலி செய்கிற வேலை.

"ஆர்டர் போட்டாச்சு இல்லய்யா? அப்பீல் போகட்டும்."

"அப்பீல் போற ஆள் இல்ல சார். தனியா நடத்தறாங்க."

"அது உன் கவலையா?"

"தப்பு என்னுது சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "சரி, என்ன பண்ணப் போற?"

"ஆபீஸ் லெட்டரே போடறேன். ஆணையில ஒரு பிழை தெரியுது, இந்தத் தேதிக்குள்ள மறுபரிசீலனை கேட்க உரிமை உண்டுன்னு. கோப்புல வெச்சுட்டு, உங்களுக்கும் ஒரு காப்பி."

"தன் ஆர்டர் தப்புன்னு தானே லெட்டர் போட்டவனை நான் பாத்ததில்ல. போடு, தடுக்க மாட்டேன். ஆனா உன்கிட்ட விளக்கம் கேட்டு ஒரு மெமோ வரும். ரிடையர் ஆகப்போற நேரத்துல அது தேவையா யோசிச்சுக்க."

"யார் சார் அனுப்புவாங்க?"

"நான்தான்யா."

கடிதம் போயிற்று. மின்னஞ்சலிலும் போயிற்று, அந்த முகவரி விண்ணப்பத்தை டைப் அடித்த ஜெராக்ஸ் கடைக்காரருடையது என்று பிறகு தெரிந்தது. முதல் வாரம் பதில் இல்லை. இரண்டாம் வாரம் இல்லை. நான் தினமும் காலையில் கணினியைத் திறந்து, அந்த விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்ப்பேன். மூன்றாம் வாரமும் ஒன்றும் இல்லை. கெடு வரும் வியாழக்கிழமை முடிகிறது.

அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை, கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போனேன். விண்ணப்பதாரரை வெளியே சந்திக்கக் கூடாது என்று உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். நான் பட்டறைக்குள் போகவில்லை. எதிரே டீக்கடையில் நின்றேன். கால் போயிற்று, உடம்பு கூடப் போயிற்று.

இரண்டாவது டீயில் இருந்தேன். பட்டறையிலிருந்து மல்லிகா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியாது. அவர் பார்த்தது மின்விசிறியைத்தானே.

"இன்னாக்கா, உன் பேடண்டு இன்னாச்சி?" என்றார் டீக்கடைக்காரர்.

"அதான் பூட்ச்சேண்ணாத்தே. எத்தினி தபா கேப்ப?"

"திரும்பி லெட்டர் வந்துக்கீதுன்னியே?"

"வந்துகீது. பிரிக்கல. வேணாம்னு சொல்லிட்டு அப்பால இன்னாத்துக்கு லெட்டரு? இன்னும் எதுனா ஃபாரம் கேப்பான். டூல் பாக்ஸ் மேல கிடக்குது."

டீ என் கையில் ஆறிக்கொண்டிருந்தது. அங்கே நான் நின்ற அரை நிமிடம் போல என் பணியில் வேறு அரை நிமிடம் இல்லை. பேசாமல் போனால் விதி காப்பாற்றப்படும், வியாழக்கிழமை அந்த யோசனை கம்பெனிக்காரர்களுடையதாகும். யாரோ வழிப்போக்கன் மாதிரி "கடிதம் வந்தால் பிரித்துப் பார்த்துவிடணும்மா" என்று சொல்லிவிட்டு நழுவலாம். நாக்கு நுனி வரை அதுதான் வந்தது. ஆனால் ஆளை மறைத்துச் சொன்னால் அது ரகசியமாகிவிடும். ரகசியமாக உதவுகிறவன் அடுத்த முறை ரகசியமாக வேறு எதையும் செய்வான்.

"அம்மா," என்றேன். "உங்க விண்ணப்பத்தை நிராகரிச்சது நான்தான். அந்த லெட்டரும் நான்தான் போட்டேன். பிரிச்சுப் படிங்க. வியாழக்கிழமைக்குள்ள. இதுக்கு மேல நான் ஒண்ணும் பேசக் கூடாது."

டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டார். மல்லிகா என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"அந்த ஃபேன் சார் நீங்களா?"

"ஆமாம்."

"பன்னெண்டு நிமிசம் ஃபேனைப் பாத்துக்கினு ஒக்காந்திருந்தேன் சார். அதுனாச்சும் சுத்துச்சு." அவர் குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "நான் எழுதினதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன். லேட்டாப் படிச்சேன். ஒன்பதாம் பக்கம் வரைக்கும்." சொல்லக் கூடாததுதான், வாயில் வந்துவிட்டது.

"அதுக்கு அப்பால ஒரு பக்கம் கீது," என்று சொல்லிவிட்டு, டீயைக் குடிக்காமலே பட்டறைக்குத் திரும்பிப் போனார்.

"சார், நீங்களும் கெளம்புங்க," என்றார் டீக்கடைக்காரர். "அக்கா திரும்பி வந்தா கைல ஸ்பானர் இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தப் பத்தாம் பக்கம் வீட்டுக்குள் என் கூடவே நடந்தது. திங்கட்கிழமை திறந்தேன். நாலே வரி. மேலே ஆங்கிலத்தில், கீழே அதையே தமிழில் பேனாவால் எழுதியிருந்தார்: "எனக்கு ஆங்கிலத்தில் எழுதித் தர ஆள் இருக்கிறார். பேச ஆள் இல்லை. விசாரணையில் தமிழில் பேச அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

ஆவடிக்காரன் ஒருவனும் அம்பத்தூர்க்காரி ஒருத்தியும், மூன்று ரயில்வே ஸ்டேஷன் தள்ளிக் குடியிருப்பவர்கள், பன்னிரண்டு நிமிடம் இருவருக்கும் சரியாக வராத பாஷையில் பேசி ஒரு வழக்கை முடித்திருக்கிறோம். அந்த 'யெஸ் சார்' எல்லாவற்றையும் நான் சம்மதம் என்று எழுதியிருக்கிறேன்.

அன்றே கோப்பில் குறிப்பு எழுதினேன். சனிக்கிழமை இன்ன இடத்தில் விண்ணப்பதாரரைப் பார்த்தேன், இன்ன வார்த்தைகள் பேசினேன். பத்தாம் பக்க வேண்டுகோளை நான் பார்க்கவே இல்லை. ஆகவே மறுபரிசீலனை மனு வந்தால் என்னிடம் வரக் கூடாது, ஆணை போடும் அதிகாரமுள்ள வேறு கன்ட்ரோலர் தமிழில் விசாரிக்க வேண்டும். மேலதிகாரி வாசித்துவிட்டு, "டீ குடிச்சேன்னு கோப்புல எழுதின முதல் ஆள் நீதான்யா" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "நீயே கேட்டு நீயே சரி பண்ணிக்கலாமே? பேராவது மிஞ்சும்" என்றார். ஆசை இல்லாமல் இல்லை. நான் செய்த தப்பை நானே திருத்தி, அழகாக ஒரு ஆணை எழுதிவிட்டுப் போக யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் டீக்கடையில் பேசிய வாயோடு தீர்ப்பு சொன்னால், அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் காப்புரிமையை எவனும் பின்னால் கேள்வி கேட்பான்.

புதன்கிழமை மல்லிகா நேரில் வந்து மனுவைக் கொடுத்தார். நான் வெளியே போகவில்லை. மனு திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு இளம் பெண் கன்ட்ரோலரிடம் போயிற்று. அவர் அறை என் அறைக்கு அடுத்தது. நடுவில் கூரை வரை எட்டாத ஒரு பிளைவுட் தடுப்பு. விசாரணை அன்று நான் லீவு போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஒட்டுக் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். காதைக் கழற்றி வைக்க முடியாத நிலையில் இருந்தேன் என்று சொல்வேன்.

"லைட்டைப் போட்டுப் பாக்கறது, பட்டறையில டெஸ்டர் வெச்சுப் பாக்கறதுதானம்மா?" என்றார் அவர்.

"இல்ல மேடம்." திரைக்குள்ளிருந்து மல்லிகாவின் குரல். "பட்டறையில ஆள் நிக்கிறான். பேட்டரி போச்சுன்னா வேற மாட்டுவான். இங்க யாருமே இல்ல. வண்டி தனியா நின்னுக்கினு கீது. பேட்டரி நல்லா கீதா இல்லியான்னு பாக்க இல்ல மேடம் அந்த லைட்டு. எவ்ளோ நேரம் நம்பித் தூங்கலாம்னு வண்டி முடிவு பண்ணத்தான் அந்த லைட்டு."

"ஒரு நொடி லைட் போட்டா கரண்ட் வீண்தானே?"

"இல்ல மேடம். நல்ல பேட்டரின்னா அடுத்து நாலு நாள் முழிச்சுக்காது. சும்மா சும்மா முழிக்கிறதுலதான் மேடம் நெறைய போவுது. கணக்குப் போட்டு வெச்சிருக்கேன், காட்டட்டுமா?"

"இது உங்க எழுத்துல எங்கம்மா இருக்கு?"

"நாலாம் பக்கத்துல கீது மேடம். உரிமை கேக்கற கோரிக்கையில எப்டி சேக்கறதுன்னு தெரியல."

நான் நான்காம் பக்கத்தில் கொட்டாவி விட்டவன் என்பது உங்களுக்கு நினைவிருக்கட்டும். என்னிடம் பன்னிரண்டு நிமிடமும் 'யெஸ் சார்' என்றவர், அங்கே கால் மணி நேரத்துக்குள் ஏழெட்டு முறை 'இல்ல மேடம்' என்றார். விசாரணை ஒரு மணி நேரம் நடந்தது.

பழைய ஆணை ரத்தானது. ஹெட்லைட்டும் விழிப்பு நேரமும் சேர்ந்த வடிவில் கோரிக்கையைத் திருத்தச் சொல்லி, இரண்டு மாதத்தில் காப்புரிமை கொடுத்தார்கள். ஆணையில் ஒரு வரி உண்டு: விண்ணப்பதாரரின் பதிலை முன்னர் விசாரித்த அதிகாரி முழுமையாகப் பரிசீலித்ததாகத் தெரியவில்லை. முன்னர் விசாரித்த அதிகாரி நான்தான். இணையத்தில் யாரும் படிக்கலாம். என் பெயரைத் தேடினால் வருகிற ஒரே விஷயம் அதுதான் என்று என் மகன் சொன்னான். பார்த்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவன் அவன்.

காப்புரிமை வழங்கிய அன்று எனக்கு மெமோ வந்தது. நான் ஓய்வு பெற இன்னும் ஒன்பது நாள். விளக்கத்தை ஒரே வரியில் எழுதினேன்: "விண்ணப்பதாரரின் பதிலை நான் கடைசி வரை படிக்கவில்லை." கையெழுத்திட்டு நேரில் கொண்டு போய்க் கொடுத்தேன்.

மேலதிகாரி படித்தார். "காரணம் ஏதாவது எழுதலாமேய்யா. வேலைப் பளு, மாசக் கடைசி, கண்ணு சரியில்ல... எதையாவது எழுது. நான் ஒத்துக்கறேன்."

"எல்லாம் இருந்துது சார். ஆனா அதனால இல்ல. படிக்கல, அவ்வளவுதான்."

அவர் அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.